பட்டு வந்த வழியும் பகை வந்த வழியும்

கலந்து வாழ்வதா, கரைந்து போவதா, ஒதுங்கி நிற்பதா? உலகம் முழுக்க நடக்கும் இந்த வாக்குவாதத்தில் நெசவு ஊர்களுக்குச் சொந்த அனுபவம் நிறைய இருக்கிறது. களம்பூர், ஆரணி தொடங்கி சூரத், பிவண்டி, கோவை, காத்தான்குடி வரை ஒரு பார்வை.

ஆரணிப் பட்டுச் சேலை ஒன்று கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பேர் கை மாறுகிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கர்நாடகக் கிராமங்களில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்து விவசாயிகள். அந்தக் கூட்டை வாங்கி, வெந்நீரில் போட்டு நூலெடுக்கும் ராமநகரம், சிட்லகட்டா பட்டறைகளில் முஸ்லிம்களே அதிகம். ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஆரணிச் சுற்றுவட்டாரத்தில் தறியில் உட்காருபவர்கள் செங்குந்தர்கள், சௌராஷ்டிரர்கள், இன்னும் பல சாதியினர். புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காரும் பெண் எந்த மதத்தவளாகவும் இருக்கலாம்.

ஆரணிக்கு ரயிலில் வருபவர்கள் இறங்கும் இடம் களம்பூர்தான். விழுப்புரம் – காட்பாடிப் பாதையில் இருக்கும் 'ஆரணி ரோடு' நிலையம் களம்பூர் மண்ணில் நிற்கிறது. ஒரு பக்கம் அரிசி ஆலைகள், இன்னொரு பக்கம் பட்டு நெசவு. போளூர்ப் பக்கம் சற்றுத் தள்ளிப் போனால் திருமலை. அங்கே சுமார் 16 மீட்டர் உயரத்துக்கு மலையில் செதுக்கிய நேமிநாதரும், சோழ இளவரசி குந்தவையின் பெயரைத் தாங்கிய ஜினாலயமும் இருக்கின்றன. ஆரணியின் மறுபுறம் சத்தியவிஜயநகரத்தில் மராத்தி ஜாகீர்தார்கள் கட்டிய அரண்மனை. வடக்கே போனால் நவாபுகளின் ஆற்காடு. தமிழ், தெலுங்கு, சௌராஷ்டிரம், உருது, மராத்தி என இத்தனை மொழிகள் ஒரே வட்டாரத்தில் புழங்கியிருக்கின்றன. இதற்கு 'பன்மைப் பண்பாடு' என்று யாரும் பெயர் வைத்ததில்லை. சந்தைக்குப் போனால் நாலு பாஷை காதில் விழும், அவ்வளவுதான்.

அந்தச் சேலை வந்த வழியையே திரும்பிப் பிடித்துப் போனால் வேறொரு வரலாறும் தட்டுப்படுகிறது. ஜரிகை வரும் சூரத்தில் 1992 டிசம்பரில் மதக் கலவரம் நடந்தது. விசைத்தறி நகரமான பிவண்டி 1970, 1984 என்று இரண்டு முறை எரிந்தது. பட்டுக்குப் பேர்போன வாரணாசி பல கலவரங்களைப் பார்த்திருக்கிறது. நூற்பாலைகளின் கோயமுத்தூரில் 1998இல் குண்டுகள் வெடித்தன. கைத்தறியும் ஜவுளி வணிகமும் வளர்த்த கிழக்கிலங்கையின் காத்தான்குடியிலிருந்துதான் 2019 ஈஸ்டர் தாக்குதலின் தலைவன் வந்தான். இத்தனையும் துணியோடு பிழைத்த ஊர்கள். ஒன்றாக வேலை செய்தவர்கள் ஒருவரையொருவர் ஏன் வெட்டிக்கொண்டார்கள்? அதே தொழில் செய்த வேறு ஊர்கள் எப்படித் தப்பித்தன?

மான்செஸ்டர் பக்கத்து மௌனம்

கலந்து வாழ்வதா, ஒதுங்கி நிற்பதா என்ற விவாதம் ஐரோப்பாவில் உச்சத்துக்குப் போன காலம் 2010–11. ஜெர்மனியின் பன்மைப் பண்பாட்டு முயற்சி முற்றிலும் தோற்றுவிட்டது என்று 2010 அக்டோபரில் பாட்ஸ்டாம் நகரில் பிரதமர் ஏஞ்சலா மெர்க்கல் பேசினார். அடுத்த பிப்ரவரியில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூன் மியூனிக்கில் ஏறக்குறைய அதையே சொன்னார். பிரான்ஸின் சர்கோசியும் சேர்ந்துகொண்டார். வந்தேறிகளைத் தனித்தனியே வாழ விட்டதால்தான் தீவிரவாதம் முளைத்தது என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு ஜூலை 22 அன்று நார்வேயில் 77 பேரைக் கொன்ற ஆந்தர்ஸ் பிரெய்விக், பன்மைப் பண்பாட்டை ஒழிக்கத்தான் அதைச் செய்ததாகச் சொன்னான். கலந்து வாழ்வதைக் காரணம் காட்டியும் கொல்லலாம், கலக்காமல் வாழ்வதைக் காரணம் காட்டியும் கொல்லலாம் என்றால், கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும்.

அதற்கும் பத்தாண்டு முன்பு, 2001 கோடையில், ஓல்டாம், பர்ன்லி, பிராட்ஃபோர்ட் ஆகிய வட இங்கிலாந்து ஊர்களில் வெள்ளையர்களும் தெற்காசியர்களும் தெருவில் மோதிக்கொண்டார்கள். மூன்றுமே பழைய ஆலை ஊர்கள். இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைக்காத காலத்தில், 1950கள், 60களில், பாகிஸ்தானிலிருந்தும் வங்கத்திலிருந்தும் தொழிலாளர்களை அழைத்தவை அங்கிருந்த நெசவாலைகள். பிறகு ஆலைகள் மூடப்பட்டன. அழைத்து வந்த வேலை போய்விட்டது, வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். விசாரித்த டெட் கான்டில் குழு அந்த ஆண்டு இறுதியில் அறிக்கை தந்தது. ஒரே ஊரில் இருந்தும் தனித்தனிப் பள்ளி, தனித்தனித் தெரு, தனித்தனி வழிபாடு என்று ஒன்றையொன்று தொடாத இணை வாழ்க்கைகளாக அவை ஓடுகின்றன என்பது அதன் முடிவு.

ஆலை இருந்தவரை குறைந்தபட்சம் சங்கு ஊதும் நேரமாவது பொதுவாக இருந்தது. அதுவும் அரைகுறைதான். வெள்ளையர் பகலிலும் ஆசியர் இரவிலும் வேலை செய்தால் ஒரே எந்திரத்தின் முன்னால் நின்றும் முகம் பார்க்க வாய்ப்பில்லை. சேர்ந்து வேலை செய்வது வேறு, சேர்ந்து பழகுவது வேறு.

கூட்டுத் தொழில் மட்டும் போதுமா?

இந்தக் கேள்வியை இந்தியாவுக்குள் கேட்டவர் அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே. 1950 முதல் 1995 வரையிலான இந்து – முஸ்லிம் கலவரச் செய்திகளைத் தொகுத்துப் பார்த்தபோது அவருக்கு இரண்டு விஷயங்கள் தெளிவாயின. ஒன்று, கலவரச் சாவுகளில் கிராமங்களின் பங்கு நூற்றுக்கு நாலுகூட இல்லை. இரண்டு, மொத்தச் சாவில் ஏறக்குறையப் பாதி எட்டே எட்டு நகரங்களில் நடந்தது. மதமே காரணம் என்றால், அதே மதங்கள் இருக்கும் மற்ற ஊர்கள் ஏன் அமைதியாக இருந்தன?

அலிகாருக்குக் கோழிக்கோடு, ஹைதராபாத்துக்கு லக்னோ, அகமதாபாத்துக்குச் சூரத் என்று கலவர ஊரையும் அமைதி ஊரையும் ஜோடி சேர்த்து அவர் ஆராய்ந்தார். 2002இல் நூலாக வந்த அந்த ஆய்வின் சாரம் இதுதான்: வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை, கட்சிக் கிளை போன்ற அமைப்புகளில் இரு மதத்தவரும் ஒன்றாக உட்கார்ந்த ஊர்களில் வதந்தி தீயாக மாறுவதற்கு முன்பே அணைந்துவிட்டது. தெருவில் வணக்கம் சொல்லிக்கொள்வதும் பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்பதும் கிராமத்துக்குப் போதும். லட்சக்கணக்கானோர் வாழும் நகரத்துக்கு அது போதாது. அங்கே அமைப்பு வேண்டும்.

1992இல் எரிந்தாலும், சூரத் இதற்கு நல்ல சாட்சி. பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின் அங்கே நடந்த கொலைகளில் மிகப் பெரும்பாலானவை புதிதாக முளைத்த புறநகர்க் குடிசைப் பகுதிகளில் நடந்தன. விசைத்தறிக் கூடங்களை நம்பி வெளி மாநிலங்களிலிருந்து தனியாக வந்த ஆண்கள் அடைந்து கிடந்த இடங்கள் அவை. இந்து வணிகர்களும் முஸ்லிம் கைவினைஞர்களும் தலைமுறைகளாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த பழைய நகரம் பெருமளவு அமைதியாக இருந்தது. ஒரே ஊர், ஒரே மாதம், ஒரே தொழில்தான். பழைய நகரத்தில் சண்டையை நிறுத்த யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குடிசைப் பகுதியில் அப்படி ஒருவரும் இல்லை.

வாரணாசியிலும் இந்து வணிகர்களும் முஸ்லிம் நெசவாளர்களும் ஒருவரையொருவர் நம்பியே பிழைக்கிறார்கள். ஆனாலும் அங்கே கலவரங்கள் நடந்திருக்கின்றன. அதனால் 2006 மார்ச் 7 அன்று சங்கட் மோச்சன் கோயிலிலும் ரயில் நிலையத்திலும் குண்டுகள் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கலவரம் வரவில்லை. கோயிலின் மகந்த் வீரபத்ர மிஸ்ரா பழிவாங்கும் பேச்சுக்கு இடம் கொடுக்க மறுத்தார். ஊரின் முஃப்தி அப்துல் பாத்தின் நோமானி பகிரங்கமாகக் கண்டித்து அவரோடு நின்றார். வெடித்த குண்டுக்கும் வராத கலவரத்துக்கும் நடுவில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள்.

பெரியவர்கள் இல்லாத ஊரில் என்ன செய்வது? பிவண்டியில் அதற்கு விடை கண்டவர் ஒரு போலீஸ் அதிகாரி. 1988இல் அங்கே துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே, பேட்டைக்கு ஒன்றாக சுமார் எழுபது 'மொஹல்லா கமிட்டி'கள் அமைத்தார். ஒவ்வொன்றிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் சம அளவில் இருப்பார்கள். கலவரம் வந்த பிறகு கூடும் அமைதிக் குழு அல்ல அது. சாக்கடை அடைப்பு, குழாய்த் தண்ணீர், பக்கத்து வீட்டுத் தகராறு என்று சில்லறை விஷயங்களுக்காகவே வாடிக்கையாகக் கூடியது. பகுதிப் போலீஸ்காரரும் அதில் உட்கார்ந்தார். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அருகிலிருந்த பம்பாய் எரிந்தது. கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்குப்படி அங்கே 900 பேர் மாண்டார்கள். கலவரத்துக்கே பேர்போன பிவண்டி எரியவில்லை.

பம்பாய் கதை அதோடு முடியவில்லை. 1993 மார்ச் 12 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தனர். முந்தைய கலவரத்துக்கும் இந்தக் குண்டுகளுக்கும் காரண – காரியத் தொடர்பு இருப்பதாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா எழுதினார். குண்டு வைத்தவனுக்கு அது மன்னிப்பு ஆகாது. ஆனால் அவனுக்கு ஆள் சேர்ந்தது எப்படி என்பதற்கு அதுதான் விளக்கம்.

கோவை: நவம்பரும் பிப்ரவரியும்

அதே வரிசை கோவையில் திரும்ப நடந்தது. அதற்கு முன்னால் தெற்கே கொஞ்சம் போக வேண்டும். 1981 பிப்ரவரியில் திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பட்டியல் சாதிக் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. சாதிக் கொடுமையைத் தாங்க முடியாமல்தான் மாறினோம் என்று அவர்கள் சொன்னார்கள். ஊர்த் தெருவில் கிடைக்காத மரியாதை பிரச்சினையாகப் பேசப்படவில்லை. மதமாற்றம் மட்டுமே நாடு தழுவிய பிரச்சினையானது. அதற்கு ஓராண்டு முன்பு தொடங்கப்பட்டிருந்த இந்து முன்னணிக்கு அது வேர் பிடிக்க உதவியது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதினார்கள். அந்தப் பத்தாண்டில்தான் வீட்டுக் களிமண் பிள்ளையார் ஊர்வலப் பிள்ளையாராக வளர்ந்தார்.

மறுபக்கத்தில் 1993இல் எஸ். ஏ. பாஷா 'அல் உம்மா' என்ற முஸ்லிம் தீவிரவாத அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்து 11 பேர் இறந்தனர்.

கோயமுத்தூரில் 1980களிலும் 90களிலும் நூற்பாலைகள் ஒவ்வொன்றாக நலிந்தன. ஆலைத் தொழிற்சங்கம் பலமாக இருந்தபோது வேலு, காதர், அந்தோணி என்று பேர் வேறானாலும் கொடி ஒன்றாக இருந்தது. சங்கம் மெலிந்தது. பிழைப்பு நடைபாதைக் கடைக்கு நகர்ந்தது. அங்கே யாருக்கு எந்த இடம் என்ற போட்டி மதச் சாயம் பூசிக்கொண்டது. முஸ்லிம்கள் அடர்ந்து வாழும் கோட்டைமேட்டில் காவல் சோதனைச் சாவடிகள் நிரந்தரமாயின.

1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் செல்வராஜ், அல் உம்மாவைச் சேர்ந்தவர்களால் கொல்லப்பட்டார். கொலையாளிகளைப் பிடித்துச் சட்டத்தின் முன் நிறுத்தியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அடுத்த நாள் காவலர்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் ஒரு தரப்பாகிவிட்டார்கள் என்ற எண்ணம் பரவிய இடத்தில், 'நமக்கு நாமே' என்று பேசியவன் பேச்சு எடுபட்டது. 1998 பிப்ரவரி 14 அன்று, பாஜக தலைவர் அத்வானி பேச வரவிருந்த நாளில், ஊரெங்கும் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். பழ வண்டிக்காரர், பேருந்துக்கு நின்றவர், மருத்துவமனைக்கு வந்தவர் என எந்தப் பகையிலும் பங்கில்லாத மனிதர்கள்.

வழக்கில் 158 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதனி குற்றமற்றவர் என்று 2007இல் விடுதலையானார். குற்றவாளிகளைத் தண்டித்தது வேண்டியதுதான். ஆனால் ஒருவர் விடுதலையாக ஒன்பதாண்டு ஆகும் நீதிமுறையை, ஆள் பிடிக்க அலைபவன் பிரசுரமாகவே அச்சடித்துக் கொடுப்பான்.

கால் நூற்றாண்டு கழித்து, 2022 அக்டோபர் 23 தீபாவளிக்கு முந்தைய விடியலில், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் ஒரு கார் வெடித்தது. உள்ளே இருந்த ஜமேஷா முபின் இறந்தான். பொறியியல் படித்தவன். 2019இலேயே தேசியப் புலனாய்வு முகமை விசாரித்து அனுப்பிய ஆள். இந்த முறை ஊர் வேறு மாதிரி நடந்துகொண்டது. சில நாட்களில் கோட்டைமேட்டு ஜமாஅத் நிர்வாகிகள் அதே கோயிலுக்குப் போனார்கள். கோயில் தரப்பினர் அவர்களை வரவேற்று உபசரித்தார்கள். பதிலடிக் கலவரம் எதுவும் நடக்கவில்லை. 1997இல் இல்லாத ஒன்றை அந்த ஊர் இடைப்பட்ட காலத்தில் கட்டியெழுப்பியிருக்கிறது.

காத்தான்குடி: சொன்னதைக் கேட்காதவர்கள்

முபினின் பாதையை ஆராய்ந்த புலனாய்வாளர்கள் போய் நின்ற பெயர், ஈஸ்டர் தாக்குதலின் தலைவன் சஹ்ரான் ஹாஷிம். மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் காத்தான்குடியைச் சேர்ந்தவன். வீட்டிலும் பிரசங்கத்திலும் அவன் பேசியது தமிழ்.

கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் வெறும் அண்டை வீட்டார் அல்ல. தாய்வழிக் குடி முறையும், பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்ளும் வழக்கமும் இரு தரப்புக்கும் பொது. சில கோயில் திருவிழாக்களில் முஸ்லிம்களுக்கென்று மரபான பங்கு இருந்ததை மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே பதிவு செய்திருக்கிறார். அந்த உறவை உள்நாட்டுப் போர் அறுத்தது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். ஒரே மொழி பேசியது யாரையும் காப்பாற்றவில்லை.

அதன்பின் காத்தான்குடி தனக்குள் சுருங்கியது. மிகச் சிறிய நிலப்பரப்பில் நெருக்கியடித்து வாழும், ஏறக்குறைய முழுக்க முஸ்லிம்களே உள்ள ஊராயிற்று. நடுத்தெருவில் பேரீச்ச மரம் நட்டார்கள். அதுவே தீவிரவாதம் அல்ல. சொந்தத் தெருவில் சொந்த அடையாளத்தை வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் மூடிய ஊருக்குள் முதல் அடி விழுந்தது அடுத்த மதத்தவர் மேல் அல்ல, உள்ளூர் சூஃபிகள் மேல். அவர்கள் மீது 2004, 2006 ஆண்டுகளிலேயே வன்முறை நடந்தது. 2017 மார்ச் 10 அன்று அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்கள் வாளோடு சூஃபிகளைத் தாக்கினார்கள். பிடியாணை பிறந்தது, சஹ்ரான் தலைமறைவானான். கொழும்பு வரை முறையிட்டவர்கள் அதே ஊர் முஸ்லிம்கள். யாரும் காது கொடுக்கவில்லை.

அதே காலத்தில் நாட்டின் மறுபக்கத்தில் பௌத்த பேரினவாதம் சஹ்ரானுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது. 2014 ஜூனில் அளுத்கம, 2018 மார்ச்சில் கண்டி, திகன. முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தன, போலீஸ் வேடிக்கை பார்த்தது. தன் காணொளிகளில் அந்தக் காட்சிகளைக் காட்டித்தான் அவன் பேசினான். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அடுத்த மாதம் வனாத்தவில்லுவில் வெடிபொருள் கிடங்கு பிடிபட்டது. அந்த விசாரணைக்கு உதவிய, அமைச்சர் கபீர் ஹாஷிமின் செயலாளரான முஸ்லிம் ஒருவரைத் தலையில் சுட்டார்கள். ஏப்ரல் 4 அன்று இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கையும் வந்தது. ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு நட்சத்திர விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் உயிர் போனது. செய்ய வேண்டியதைச் செய்யாததற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வறுமையா, வேதமா, தனிமையா?

ஈஸ்டர் குண்டுதாரிகளில் இருவர் கொழும்பின் பெரிய மிளகு, மசாலா ஏற்றுமதியாளரின் பிள்ளைகள். வேறொரு குண்டுதாரி பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவன். 2005 ஜூலையில் லண்டனில் 52 பேரைக் கொன்ற கும்பலுக்குத் தலைவனான முகமது சித்திக் கான் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உதவியாளனாக இருந்தவன். பெற்றோர்களுக்குப் பிடித்தவன். பொருளாதார அறிஞர் ஆலன் குரூகரும் யிட்கா மாலெச்கோவாவும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, வறுமைக்கும் பயங்கரவாதத்துக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை என்றது. 'சோறு போட்டால் சரியாகிவிடும்' என்பவர்களுக்கு இது இடிக்கும்.

வேதமே காரணம் என்பவர்களுக்கும் இடிக்கிறது. அதே வேதத்தை ஓதிய காத்தான்குடிக்காரர்கள்தான் சஹ்ரானைப் பற்றிப் போலீசுக்குச் சொன்னார்கள். பிரான்ஸில் இதைப் பற்றி இரண்டு அறிஞர்கள் பல்லாண்டாக மல்லுக்கட்டுகிறார்கள். ஏற்கெனவே கொதித்துக் கிடக்கும் இளைஞர்கள் தங்கள் கோபத்துக்கு மதத்தை உடையாக அணிகிறார்கள் என்கிறார் ஒலிவியே ருவா. மதத்துக்குள்ளேயே வளர்ந்த ஒரு கடும் சித்தாந்தம் பேட்டை பேட்டையாகப் பரவியதைக் காணாமல் விடாதீர்கள் என்கிறார் ஜீல் கெப்பெல். காத்தான்குடியைப் பார்த்தால் இருவர் சொன்னதும் பாதிப் பாதி பொருந்துகிறது. இறக்குமதியான கடும் போதனை இல்லாமல் சஹ்ரான் இல்லை. அளுத்கமவும் திகனவும் இல்லாமல் அவனுக்குக் கூட்டம் இல்லை.

கட்டாயமாகக் கலந்து குடியமர்த்தினால்? சிங்கப்பூர் 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு இனத்துக்கும் விகிதம் வைத்திருக்கிறது. சீனர், மலாய்க்காரர், தமிழர் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். பெரிய அளவில் பலன் தந்த ஏற்பாடு அது. அந்த நாட்டிலேயே 2020 டிசம்பரில் 16 வயதுப் பையன் ஒருவனைக் கைது செய்தார்கள். இந்திய வம்சாவளிக் கிறிஸ்தவன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று 51 பேரைக் கொன்றவனைப் பின்பற்றி, அதே தேதியில் இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டிருந்தான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் அவனுக்குப் பகையாளி அல்ல. கைப்பேசிக்குள் அவனுக்கு வேறொரு ஊர் இருந்தது.

ஆக, எத்தனை பண்பாடு ஒரு ஊரில் இருக்கலாம் என்ற கணக்கு உதவாது. தீவிர எண்ணம் கொண்ட நாலு பேர் எந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க நானூறு பேர் எப்போது உட்காருகிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. கோவையில் போலீஸ் ஒரு பக்கம் சாய்ந்த மறுநாள் உட்கார்ந்தார்கள். இலங்கையில் சொந்த மக்கள் கொடுத்த புகாரை அரசு குப்பையில் போட்ட நாட்களில் உட்கார்ந்தார்கள்.

வட ஆற்காட்டின் கணக்கு

களம்பூர் வட்டாரம் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 2013 ஜூலை 1 அன்று இந்து முன்னணியின் எஸ். வெள்ளையப்பன் வேலூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாதம் 19ஆம் தேதி பாஜகவின் 'ஆடிட்டர்' ரமேஷ் சேலத்தில் கொல்லப்பட்டார். 2015 ஜூனில், ஒரு பெண் காணாமல் போன வழக்கில் போலீஸ் விசாரணைக்குப் போய்வந்த முஸ்லிம் இளைஞர் இறந்தார். ஆம்பூர் கொந்தளித்தது. பேருந்துகள் நொறுங்கின, போலீசார் பலர் காயமடைந்தனர். கோபம் முதலில் பாய்ந்தது காவல்துறை மீது. அது இந்து – முஸ்லிம் சண்டையாக உருமாறாமல் நின்றதை அந்தத் தோல் தொழில் ஊரின் அதிர்ஷ்டம் என்று விட்டுவிட முடியாது.

அரசியலுக்கும் இதில் பங்கு உண்டு. சிறுபான்மை வாக்குகளுக்குக் கட்சிகள் போட்டி போடும் மாநிலங்களில் அரசுகள் கலவரத்தை வளர விடுவதில்லை என்று அரசியல் அறிஞர் ஸ்டீவன் வில்கின்சன் 2004இல் எழுதினார். இரு திராவிடக் கட்சிகள் மாறி மாறி ஆண்ட தமிழ்நாட்டுக்கு அது நன்றாகவே பொருந்தியது. தேர்தல் கணக்கு மாறினால் அந்தக் காவலும் தளரலாம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் மிகக் கடினமான கோடு மதங்களுக்கு நடுவில் இல்லை. தண்டராம்பட்டை அடுத்த தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30 அன்றுதான். மாவட்ட நிர்வாகமும் பெரும் போலீஸ் படையும் துணைக்கு வர வேண்டியிருந்தது. ஒரே சாமியைக் கும்பிடுபவர்களுக்குள் இந்த நிலை இருக்கும்போது 'சிறுபான்மையினர் ஏன் ஒன்றுகலக்கவில்லை' என்று கேட்பவர் குரல் கொஞ்சம் தாழத்தான் வேண்டும். மீனாட்சிபுரத்தில் தொடங்கிய சங்கிலியின் முதல் கண்ணி மதமல்ல, சாதி.

கரையாமலும் ஒதுங்காமலும் வாழ்ந்ததற்கு இங்கேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு பகுதி ஊர்களில் நயினார்கள் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர்கள் இருக்கிறார்கள். மாநிலம் முழுக்கச் சமணர்கள், வடநாட்டிலிருந்து வந்த வணிகர்களையும் சேர்த்து, 2011 கணக்கெடுப்பில் 89 ஆயிரம்தான். பொழுது சாயும் முன் சாப்பிடுவார்கள், அருகனைக் கும்பிடுவார்கள், நிலத்தில் மற்றவர்களோடு நின்று நாற்று நடுவார்கள். பக்தி இயக்கக் காலத்திலிருந்து எத்தனையோ இடி வாங்கிய சமூகம் இது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழைத் தவிர வேறு மொழியை வீட்டில் பேசாமலும், தன் சமயத்தை விடாமலும் இருந்திருக்கிறது. அவர்களை யாரும் 'ஒருங்கிணைக்க'வில்லை. நிலமும் ஏரித் தண்ணீரும் பொதுவாக இருந்தது, அதற்கான பஞ்சாயத்தும் பொதுவாக இருந்தது.

அந்தப் பொது இடங்கள்தான் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. தறிக்குழியில் உட்கார அடுத்த தலைமுறை தயாராக இல்லை. விசைத்தறிச் சேலை விலையில் கைத்தறியை அடிக்கிறது. ஆரணி, வந்தவாசிப் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிச் செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். பையன்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள். ஒரு வகையில் இது முன்னேற்றம். ஒரே பஸ்ஸில் காலனிப் பெண்ணும் ஊர்த்தெருப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள். தறித் தெருவில் இது எளிதாக நடந்திருக்காது. ஆனால் அந்தப் பஸ்ஸுக்கு இன்னும் சங்கம் இல்லை. ஊருக்குள் சண்டை வந்தால் கூப்பிட்டுப் பேச அங்கே யாரும் பொறுப்பில் இல்லை. பழைய ஜவுளி முதலாளி, தர்மகர்த்தா, முத்தவல்லி ஆகியோரின் சொல்லோ வாட்ஸ்அப் குழுவில் பரவும் வீடியோவுக்கு முன்னால் எடுபடுவதில்லை.

ஆண்டுதோறும் விநாயகர் சதுர்த்திக்கு முன் தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகங்களில் அமைதிக் குழுக் கூட்டம் நடக்கிறது. ஊர்வலம் போகும் தெரு, சிலையின் உயரம், மேளம் நிறுத்த வேண்டிய இடம் ஆகியவை முடிவாகும். டீயும் மிக்சரும் வரும், கையெழுத்தாகும், அடுத்த ஆண்டுதான் மறுபடி கூடும். வருகிறவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள். பிவண்டிக் கமிட்டி ஆண்டு முழுக்கக் கூடியது, குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசியது. அந்த வித்தியாசத்தைக் களம்பூர் போன்ற ஒரு பேரூராட்சியில் சரிசெய்யப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வார்டுக்கு ஒரு குழு, மாதத்துக்கு ஒரு நாள், பகுதிப் போலீஸ்காரர் கட்டாயம். அழைப்புப் பட்டியலில் தர்மகர்த்தாவோடும் முத்தவல்லியோடும் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர், கூலி நெசவாளர், காலனிக்காரர், சிப்காட் பஸ் ஏறும் பெண்கள் இரண்டு பேர். சதுர்த்தி ஊர்வலத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதும் அதே மேஜையிலிருந்து இந்த அழைப்பையும் அனுப்பலாம்.